பீர் அட்டை கனத்துக்கு ஒரு கோணல்

செல்வின் ஓல்ட்னோ முதலில் கட்டிய கார் போகவேண்டிய இடத்துக்குச் சரியாகத்தான் போய்ச் சேரும். ஆனால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போகும். மனஸ்தாபத்தில் இருக்கும் உறவுக்காரர் கல்யாண மண்டபத்தில் நம்மைக் கடந்துபோவதைப் போல. எதிரே வருகிறவர்கள் அது சந்துக்குள் திரும்பப்போகிறது என்று நினைத்து பிரேக்கை மிதிப்பார்கள். அது திரும்பாது.

டார்ன்பி ஆங்கிலேயர்களின் நிலக்கரிச் சுரங்க ஊர். மனிதர்கள் நாகரிகமானவர்கள். செல்வினிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. "பெயிண்ட் பிரமாதம், வாத்து" என்றார்கள். அந்தப் பக்கத்தில் கிழவர், குழந்தை, பாதிரியார் எல்லோருக்கும் வாத்துதான் செல்லப் பெயர். அவன் தெருமுனை தாண்டியதும் "நண்டு போகுது பாரு" என்றார்கள்.

அவன் மனைவி நொரீனுக்கு மட்டும் இந்த நாகரிகம் கிடையாது. முதல் நாள் அவனுடன் ஏறி உட்கார்ந்தாள். கடைத்தெரு வருவதற்குள் வாயைத் திறந்தாள்.

"செல்வின், நாம எங்க போறோம்?"

"தபாலாபீஸுக்கு."

"எனக்கு முன்னாடி சர்ச் சுவர்தான் தெரியுது. தபாலாபீஸ் என் காது பக்கமா வருது."

"பழகிடும்."

"எதுக்குப் பழகணும்? காதால பார்க்கிறதுக்கா? நிறுத்து."

இறங்கி, பஸ்ஸுக்கு நின்றாள். பஸ் அவனைத் தாண்டிப் போகும்போது ஜன்னல் வழியாக, ராணிபோலக் கையசைத்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் தீர்ப்பு சொன்னாள்: "இன்னொண்ணு கட்டு, கட்டாதே, உன் இஷ்டம். நேரா ஓடினா ஏறுவேன். இல்லேன்னா சாகிற வரைக்கும் பஸ்தான்."

அவர்கள் வீட்டு மாடியறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அதனால் இந்தத் தீர்ப்புக்கு அவரைக்காய்ப் பொரியலோடு நானும் சாட்சி. செல்வின் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. முட்கரண்டியால் தட்டில் ஒரு காரின் பின்பகுதியை வரைந்துகொண்டிருந்தான்.

ஐம்பதைத் தாண்டிய மெலிந்த மனிதன். சாக்ஸ் பின்னும் ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது வேலை. இரண்டு காதிலும் பென்சில் செருகியிருப்பான். எழுதவேண்டி வந்தால் மூன்றாவதைத் தேடுவான். காதலில் விழுவதைப் போல, அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான் வந்தது: நொரீன் பக்கத்தில் உட்கார வேண்டும், மேபிள்தார்ப் கடற்கரை வரைக்கும் போகவேண்டும், அவள் வாயே திறக்கக்கூடாது. மூன்றாவது நடக்காது என்று அவனுக்கே தெரியும். முதல் இரண்டுக்காக சதுரக் குழாய்களை அறுக்க ஆரம்பித்தான்.

கோளாறு எங்கே என்பது தெரிந்துவிட்டிருந்தது. பின் சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலை, காரின் எலும்புக்கூடான சேஸில் பற்றவைத்த சின்னச் சின்ன பிராக்கெட்டுகள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தீப்பெட்டி அளவு இரும்புத் துண்டுகள், ஆளுக்கொரு ஓட்டை. இடப்பக்கத்துத் துண்டு விரல் கனம் முன்னால் போய், வலப்பக்கத்துத் துண்டு இருந்த இடத்திலேயே நின்றுவிட்டால், ஆக்சில் சாய்ந்து உட்காரும், கார் நண்டாகும். செல்வின் போனமுறை அளவையெல்லாம் சரியாகத்தான் எடுத்தான். ஆனால் கராஜின் பின்சுவரிலிருந்து எடுத்தான்.

டார்ன்பியில் சுவரை நம்பினவன் அவன் ஒருவன்தான். ஊருக்கு அடியில் கரி தோண்டித் தோண்டி, மேலே இருப்பதெல்லாம் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தது. எங்கள் வீட்டில் பட்டாணியைத் தட்டில் போட்டால் அது தானாக செல்வின் பக்கம் ஓடும். கட்டில் கால்களுக்கெல்லாம் கட்டை வைத்திருந்தோம். கழிவறைக் கதவு நாம் முடிக்கும் முன்பே மெல்லத் திறந்துகொள்ளும்.

இந்தமுறை ஊரிலேயே மட்டமான தரை ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் பிராக்கெட்டைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டான். ரசமட்டத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காய்ச்சல் பார்க்கும் டாக்டரைப் போல ஊர் முழுக்க அலைந்தான். சர்ச் தரையில் முழங்காலிட்டான். பாதிரியார் சந்தோஷப்பட்டு அருகே வந்து பார்த்து, ஏமாந்து போனார். கசாப்புக் கடைப் பளிங்கு மேடை ஒருபக்கம் சரிந்திருந்தது. இத்தனை வருஷம் ரத்தம் ஏன் அந்தப் பக்கமே வடிகிறது என்று கடைக்காரருக்கு அன்றுதான் புரிந்தது. பள்ளிக்கூட நடனத் தரை நடுவில் குழிந்திருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீர்க் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"நொரீன்! ஸ்னூக்கர் டேபிள்!"

நொரீனின் முகம் வெளுத்தது. அப்போது எனக்குக் காரணம் தெரியவில்லை. சுரங்கத் தொழிலாளர் கிளப்பின் ஸ்னூக்கர் அணிக்கு அவள்தான் தலைவி. பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிப்பவள், சனிக்கிழமை கோலை எடுத்துக் குனிந்தால் வேறு ஆள். பிராக்வெல் கிளப்பை வருஷா வருஷம் தோற்கடித்துக் கோப்பையைக் கொண்டுவருவாள். அந்தக் கோப்பையில்தான் துணிக்கு மாட்டும் கிளிப்புகளைப் போட்டு வைத்திருந்தாள்.

"அதுக்குள்ள இருக்கிறது கற்பலகை," என்றான் செல்வின். "மேல துணி, உள்ள கல்லு. இந்த ஊர்ல வளையாத சமாசாரம் அது ஒண்ணுதான்."

"உன் துருப்பிடிச்ச கூண்ட என் டேபிள் மேல ஏத்துவியா?"

"புதன்கிழமை பழைய துணிய எடுக்கிறாங்க. வியாழக்கிழமைதான் புதுத் துணி. நடுவுல ஒரு மத்தியானம் போதும்."

"முடியாது."

"கல்லுக்கு ஒண்ணும் ஆகாது, நொரீன்."

"முடியாதுன்னா முடியாது. இன்னொரு தடவ அந்தப் பேச்ச எடுத்தே, உனக்கு நாளைக்கு வெறும் முட்டைக்கோஸ்தான்."

மறுநாள் முட்டைக்கோஸ்தான் கிடைத்தது. செல்வின் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, முட்டைக்கோஸாகவே எடுத்துக்கொண்டான்.

புதன்கிழமை நொரீன் பள்ளிக்கூடத்துக்குப் போனதும் சேஸைத் தெருவில் இறக்கினோம். வெறும் குழாய்க் கூடு. முன்னால் செல்வினும் நானும், பின்னால் பக்கத்து வீட்டுச் சகோதரர்கள் இருவர். வெல்டிங் மெஷினை எண்ணெய்த் துணியால் மூடி அதன் நடுவில் வைத்திருந்தோம். நால்வரும் அடிமேல் அடி வைத்துப் போவதைப் பார்த்து எதிரே வந்த பெரியவர் ஒருவர், சாவு ஊர்வலத்துக்கு நிற்பதைப் போல, தொப்பியைக் கழற்றி ஓரமாக நின்றார். செல்வின் நன்றி சொன்னான். அப்படிச் சொல்வதுதான் மரியாதை என்று பட்டிருக்கிறது.

கிளப் மேலாளர் பெக்ஸன் எங்களைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த கிளாஸைத் துடைக்க ஆரம்பித்தார். "நான் ஒண்ணும் பாக்கல, வாத்து. ஆனா அந்தக் கதவு அகலம் பத்தாது, சாய்ச்சு எடுங்க."

உள்ளே மேஜை துணியில்லாமல் கிடந்தது. மழை பெய்து காய்ந்த ரோட்டைப் போன்ற சாம்பல் நிறம். துணி மாற்ற வந்திருந்த மிஸ்டர் பாஸ்க் அதன் ஓரத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். வெளியூர்க்காரர். முன்பெல்லாம் இந்த வேலைக்கு நொரீனின் மாமாதான் வருவாராம்; அவர் கால் முடியாமல் ஓய்ந்துவிட்டதால் இவர்.

செல்வின் கைகளைத் துடைத்துக்கொண்டு, பரிசுப் பொட்டலத்தைப் பிரிப்பவனைப் போல நீள மட்டக்கோலைக் கல்லின் மேல் வைத்தான். குனிந்து கண்ணை மூடித் திறந்தான். மட்டக்கோலுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம்.

"இருக்காது," என்றான். திருப்பி வைத்தான். வெளிச்சம் அங்கேயே இருந்தது. "மிஸ்டர் பாஸ்க், இந்தக் கடைசிக் கல்லு மட்டும் ஒரு பக்கமாத் தூக்கிட்டு நிக்குது."

பாஸ்க் சாண்ட்விச்சை வைத்துவிட்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்தார். கொஞ்ச நேரம் ஸ்குரூ திருகும் சத்தம். பிறகு ஒரு கை மட்டும் வெளியே வந்தது. அதில் சப்பையான, பழுத்துப்போன அட்டை. பீர் கிளாஸுக்கு அடியில் வைப்பார்களே, அது.

"சுவாரசியமா இருக்கே," என்றார் பாஸ்க், அடியிலிருந்து. அந்த நாட்டில் ஒருவர் இப்படிச் சொன்னால் விஷயம் ரொம்ப மோசம் என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மாவு படிந்த மேலங்கியோடு நொரீன். துணி மாற்றுவதை மேற்பார்வையிட நேரே சமையலறையிலிருந்து வந்திருக்கிறாள். முதலில் சேஸைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அப்புறம் அட்டையைப் பார்த்தாள். வாயை மூடினாள். அவள் தானாக வாய் மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நொரீன்," என்றான் செல்வின், மெதுவாக. "இத யாரு வெச்சது?"

"மாமா."

"யாரு வைக்கச் சொன்னது?"

"கூரை ஒழுகுதான்னு பாரு, பெக்ஸன்," என்றாள் நொரீன். பெக்ஸன் கூரையைப் பார்த்தார்.

"மெல்ல அடிச்சா பந்து இடப்பக்கம் போகும். அப்படித்தானே?"

"கொஞ்சம். ஒரு முடி அளவு. பழகினவங்களுக்கு அது ஒண்ணும் கஷ்டமில்ல."

"பிராக்வெல்காரங்களுக்கு?"

"அவங்க பழகல. அதுக்கு நான் என்ன பண்ண?"

செல்வினுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினான், தோள்கள் மட்டும் குலுங்கின. "என் கார நண்டுன்னு சொன்ன வாயி. உன் கோப்பையே நண்டு பிடிச்சதுதானா?"

"சத்தம் போடாதே."

"நான் எங்க சத்தம் போட்டேன்?"

"உன் பல்லு சத்தம் போடுது. மூடு."

பாஸ்க் வெளியே தவழ்ந்து வந்து முழங்கால் தூசியைத் தட்டினார். துணி மாட்டத்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், மட்டம் பார்க்க இல்லை, அட்டை உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் தனக்கு ஒன்றுதான் என்று மிகவும் பணிவாகச் சொன்னார். சொல்லிவிட்டு சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

நொரீன் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். சேஸைப் பார்த்தாள். அது இருந்தால் கோப்பை, இல்லாவிட்டால் கார். மேலங்கியில் கையைத் துடைத்துத் துடைத்து மாவையெல்லாம் அட்டையில் பூசிவிட்டாள்.

"ஒரு மத்தியானம்தானே?" என்றாள்.

"ஒரே மத்தியானம்."

"முடிச்சதும் எங்க இருந்துச்சோ அங்கயே வைக்கணும். நூல் பிசகக் கூடாது."

"நொரீன், வைக்கிறதுதான் என் தொழிலே."

"எடுத்துத் தொலை," என்றாள். "நான் பாக்கல." அவளும் பெக்ஸனோடு சேர்ந்து கூரையைப் பார்க்கப் போனாள்.

அட்டை எங்கே இருந்தது என்று மறந்துவிடாமல் இருக்க, சேஸைக் கவிழ்த்து ஏற்றப்போகும் நிலையை வைத்து, செல்வின் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்: 'வலது பின் சக்கரம் பக்கம்.' பிறகு கற்பலகை மேல் கிளப்பின் ஈரத் துண்டுகளை விரித்து, கல்லை இறுக்கி மட்டக்கோலை வைத்தான். வெளிச்சம் இல்லை. சேஸைத் தலைகீழாகக் கவிழ்த்து ஏற்றினோம். இரண்டு பக்கமும் சாக்பீஸால் 'இடது', 'வலது' என்று எழுதினான்.

அதன் பிறகு நடந்ததை வேலை என்று சொல்வதா, பூஜை என்று சொல்வதா தெரியவில்லை. முன்னாலிருந்து பின்னால் வரை நடுவில் ஒரு நூல் கட்டினான். இனி எல்லா அளவும் அந்த நூலிலிருந்து. சுவர், தரை, மேஜை ஓரம் எதையும் கேட்கக் கூடாது. எதிரெதிர் பிராக்கெட்டுகளின் ஓட்டைகள் வழியாக ஒரே நீளக் கம்பியைச் செருகினான், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும்படி. பிறகு இடப்பக்கம் ஒரு பொட்டு வெல்டிங், வலப்பக்கம் ஒரு பொட்டு. ஒரே பக்கம் போட்டால் சூட்டில் இரும்பு அந்தப் பக்கம் இழுத்துவிடும். "கோபத்துல இருக்கிற ரெண்டு பேர்கிட்டப் பேசற மாதிரி," என்றான். "இங்க ரெண்டு வார்த்த, அங்க ரெண்டு வார்த்த." ஒவ்வொரு பொட்டுக்கும் பிறகு மூலைக்கு மூலை டேப் பிடித்தோம். இந்தக் குறுக்கும் அந்தக் குறுக்கும் ஒன்றாக இருந்தால் தலையாட்டுவான்; இல்லையென்றால் இரும்பை முறைப்பான், ஒரு சின்னத் தட்டு தட்டுவான்.

கீழ் பிராக்கெட்டுகள் முடிந்ததும் மேல் பிராக்கெட்டுகளுக்காக சேஸைப் புரட்டி நிமிர்த்தி வைத்தோம். அதுவும் முடிந்தது. கம்பியை உருவினான். நெய்யில் விரல் வழுக்குவதைப் போல வந்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். பெக்ஸன் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து, அதையும் பார்க்காமலேயே கொடுத்தார்.

சேஸை இறக்கும் முன் செல்வின் உள்ளங்கையைப் பார்த்தான். சேஸில் 'வலது' என்று எழுதியிருந்த பக்கத்துக்குப் போனான். பின் சக்கரம் வரவேண்டிய இடத்தைக் கண்டுபிடித்தான். அதற்கு நேர் கீழே கல்லை நெம்பி, அட்டையை நூல் பிசகாமல் வைத்து இறுக்கினான்.

மறுநாள் பாஸ்க் புதுத் துணியை மாட்டிவிட்டுப் போனார். பச்சைப் பசேலென்று, கோணலே தெரியாமல், அழகாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பிராக்வெல் அணியோடு இறுதி ஆட்டம். செல்வின் முன்வரிசையில் உருளை வறுவல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தான். நொரீன் குனிந்தாள். சுலபமான பந்து, பாக்கெட்டுக்கு முன்னாலேயே நின்றது. மெல்லத் தட்டினாள். பந்து உருண்டது, உருண்டது, கடைசி நேரத்தில் எதையோ நினைத்துக்கொண்டதைப் போல வலப்பக்கம் ஒதுங்கி நின்றது.

கூட்டத்தில் "கஷ்டமான பந்துதான்" என்று யாரோ மரியாதைக்குச் சொன்னார்கள்.

நொரீன் நிமிர்ந்து பந்தைப் பார்க்கவில்லை. செல்வினைப் பார்த்தாள். வறுவல் அவன் வாயிலேயே நின்றுவிட்டது. உள்ளங்கையைப் பார்த்தான். கையால் ஏதோ ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தான், நிமிர்த்திப் பார்த்தான். சேஸைப் புரட்டியபோது 'வலது' என்ற எழுத்தும் அதோடு சேர்ந்து மேஜையின் அந்தப் பக்கம் போய்விட்டது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். நாற்காலியில் அப்படியே கீழே சரிந்து, தொப்பி மட்டும் தெரிகிற அளவுக்கு ஆனான்.

ஆனால் பிராக்வெல்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வருஷக்கணக்காகத் தோற்றதில் அவர்களும் இடப்பக்க ஓட்டத்தைக் கற்றுக்கொண்டுவிட்டிருந்தார்கள். கணக்குப் போட்டு ஜாக்கிரதையாக அடித்தார்கள். பந்து நேர் எதிராகப் போனது. இப்படியாக இரண்டு அணியும் மிகுந்த திறமையோடு ஒரு பந்தைக்கூடப் போட முடியாமல் மூன்று மணியிலிருந்து விளக்குப் போடும் நேரம் வரை ஆடின. நடுவர் இரண்டு தடவை தூங்கினார். கடைசியில் பிராக்வெல்லில் ஒருவருக்கு வயிற்றைப் பிரட்ட, அவருக்குப் பதிலாக அவர் மைத்துனர் இறங்கினார். அந்த மேஜையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. மேஜை அடியில் என்ன இருக்கிறதென்று எந்த அபிப்பிராயமும் இல்லாமல், எல்லாப் பந்தையும் படாரென்று வேகமாக அடித்தார். பாதி உள்ளே விழுந்தது. கோப்பை பிராக்வெல்லுக்குப் போனது. நொரீன் துணிக் கிளிப்புகளைச் சாஸ்பேனில் கொட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கொடுத்தாள்.

வீட்டில் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"வேணும்னே செஞ்சியா?"

"சத்தியமா இல்ல. வண்டி தலைகீழா இருந்துச்சு."

"வண்டியா? உன் மண்டை." தட்டை அவன் முன் நகர்த்தினாள். பட்டாணிகூட அன்று அவன் பக்கம் ஓடத் தயங்கியது. "ஒரு அட்டைய எடுத்த இடத்துல வைக்கத் தெரியாதவன் செஞ்ச கார்ல நான் ஏறணும்."

"நேரா ஓடினா ஏறுவேன்னு சொன்னே."

"சொன்னேன். சொன்னா சொன்னதுதான். ஆனா ஓடாது."

அதுதான் செல்வினைத் தின்றது. அட்டையில் தவறியவன் பிராக்கெட்டிலும் தவறியிருப்பானோ? என்ஜின் ஏற்றினான், சக்கரம் மாட்டினான், பெயிண்ட் அடித்தான், தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோய்ச் சான்றிதழும் வாங்கினான். ஆனால் வழியெல்லாம் மழை; கார் நேராகப் போகிறதா என்று கடை ஜன்னல் கண்ணாடிகளில் அதன் பிம்பத்தைப் பார்த்து உறுதிசெய்யவும் தைரியம் வரவில்லை. சாப்பிடும்போது திடீரென்று எழுந்து கராஜுக்குப் போவான். டேப் இழுபடும் சத்தம் கேட்கும். சரியாகத்தான் இருக்கிறது என்று திரும்புவான். மறுபடி போவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் வந்தது. காரை வெளியே எடுத்தான். தெருவில் எல்லா ஜன்னல் திரைச்சீலையும் ஒரு சாண் விலகியிருந்தது. ஆனால் யாரும் பார்க்கவில்லை. நொரீன் தரை துடைக்கும் தண்ணீர் வாளியோடு வந்து காருக்கு முன்னால் ரோட்டில் அப்படியே கவிழ்த்தாள்.

"இது எதுக்கு?" என்றான் செல்வின்.

"அளவுகோலு. உன் டேப்ப நான் நம்பல. மெதுவா ஓட்டு."

தண்ணீரில் சக்கரம் நனைந்து கார் தெருக்கோடி விளக்குக் கம்பம் வரை போனது. நொரீன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, குனிந்து, ஈரத் தடத்தின் கூடவே நடந்தாள். பின் சக்கரம் போட்ட கோடு முன் சக்கரத்தின் கோட்டுக்குள்ளேயே விழுந்திருந்தது. நாலு சக்கரத்துக்கு ரெண்டே கோடு. கம்பம் வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். வெயிலில் தடம் காய ஆரம்பித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

செல்வின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதுகள் மட்டும் பின்பக்கம் திரும்பியிருந்தன.

"ஹூம்," என்றாள் நொரீன். வீட்டுக்குள் போனாள். தொப்பி, கைப்பை, பிளாஸ்க் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் காருக்குக் கதவு கிடையாது. பக்கவாட்டைத் தாண்டிக் காலைப் போட்டுக் குளியல் தொட்டிக்குள் இறங்குவதைப் போல இறங்க வேண்டும். செல்வின் தன் மெலிந்த உடம்புக்கு அளவெடுத்துச் செய்திருந்த இருக்கை. நொரீன் இறங்கினாள், நின்றாள், மூச்சை விட்டாள், இன்னும் கொஞ்சம் இறங்கினாள். ஒரு இடத்தில் 'டப்' என்று உட்கார்ந்தாள். "போ," என்றாள். போனார்கள், முகம் எங்கே திரும்பியிருக்கிறதோ அங்கேயே.

சாயங்காலம் திரும்பி வந்தபோது செல்வின் முகம் கடற்காற்றில் சிவந்திருந்தது. நொரீன் மடியில் பொரித்த மீன் சுற்றிய காகிதம். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"மேபிள்தார்ப் எப்படி இருந்துச்சு, வாத்து?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"கார்லருந்தே பார்த்தோம்," என்றாள் நொரீன்.

"இறங்கலியா?"

"ஏறுவேன்னுதான் சொன்னேன். இறங்குவேன்னு யாருக்கும் வாக்குக் கொடுக்கல."

ஒரு பக்கம் செல்வின், மறுபக்கம் சகோதரர்கள் இருவர், தோளுக்கடியில் கை கொடுத்து இழுத்தார்கள். கார்தான் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வந்தது. "இருக்கை உங்களுக்கு ரொம்பப் பொருத்தமா அமைஞ்சிருக்கு," என்று எதிர்வீட்டு அம்மாள் மரியாதையாகச் சொன்னாள்.

"கவலப்படாத நொரீன்," என்றான் செல்வின், ஸ்பேனரைத் தேடிக்கொண்டே. "சீட்டுக்கு நாலே போல்ட்டு. உன்னோட சேர்த்தே கழட்டிடறேன்."

"தொட்டே, தெரியும்! நீ கழட்டினா மறுபடி எந்தப் பக்கம் மாட்டுவியோ." தொப்பியைச் சரிசெய்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, நேராகத் தெருவைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. டீய இங்கயே கொண்டா."

நான் கெட்டிலை வைக்க உள்ளே போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது செல்வினும் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தான். நிறுத்தி வைத்த காரில் இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.